தண்ணீருக்கு வழி விட்ட பாதை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் சிகிச்சைக்குப் பிறகு மெல்ல மெல்லச் சைக்கிளில் ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது மனம் நிறைந்தது. மலைச் சைக்கிளோடு போனவன் மண்வெட்டியோடு எதற்காக அலைகிறாய் என்று கேலியாகக் கேட்டிருந்தாய். கேலி இருக்கட்டும், கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

சனிக்கிழமை முழுவதும் தன்னார்வலர்களுடன் சேர்ந்து பாதை வெட்டினோம். மலைச் சரிவில் ஒரு பாதையைக் கெடுப்பது டயரைக் காட்டிலும் தண்ணீர்தான் என்பதை எங்களை வழிநடத்தியவர் முதலிலேயே சொல்லிவிட்டார். சரிவின் போக்கிலேயே நேராக இறங்கும் பாதை முதல் மழையிலேயே ஓடையாகிவிடும். ஆகவே பாதை மலையைக் குறுக்காகச் சுற்றிச் செல்ல வேண்டும். அதன் ஏற்றம் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சரிவு 16 சதவீதம், அதாவது நூறு மீட்டர் தூரத்துக்குப் பதினாறு மீட்டர் உயர்வு என்றால், பாதைக்கு 8 சதவீதம்தான் மேல்வரம்பு. 1988இல் தொடங்கப்பட்ட சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் பரப்பிய கணக்கு இது. பாதையின் சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பதும் அவர்கள் கூறுவதே.

வேலையில் பாதி, கெட்டி மண்ணைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மேலே கிடக்கும் சருகையும் மக்கிய கறுப்பு மண்ணையும் முழுவதுமாக வழித்துத் தள்ள வேண்டும். அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு சேறாகும். அதன் அடியில் இருக்கும் கெட்டி மண்ணில்தான் பாதை முழு அகலத்துக்கும் குடைந்து வெட்டப்பட வேண்டும். பாதி வெட்டி, வெட்டிய மண்ணையே பள்ளத்துப் பக்கம் கொட்டி அகலமாக்குவது எளிதாகத் தோன்றும். ஆனால் அந்த ஓரம் ஓரிரு மழையில் உட்கார்ந்துவிடும். மிஞ்சிய மண்ணைச் சரிவில் தூரமாக வீசி இறைத்தோம். ஓரத்திலேயே விட்டால் அது வரப்பாகித் தண்ணீரைப் பாதைக்குள்ளேயே தேக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது வாட்டம் கொடுக்கும் வேலை. மொட்டைமாடித் தளத்துக்குக் கொத்தனார் கொடுப்பது போலவே, பள்ளத்துப் பக்கமாக ஒரு மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தாழ்வு. வெறும் கண்ணுக்கு அது தெரியாது. ஒரு கட்டையின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, சுரண்டி, திமிசு போட்டு இறுக்கி, மறுபடியும் பார்த்துக்கொண்டே நகர்ந்தோம். நாள் முடிவில் நாங்கள் முடித்த நீளத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய்.

வாட்டம் மட்டும் போதாதாம். ஓட ஓட டயர்கள் நடுவே குழி விழச் செய்யும் என்பதால், 20 முதல் 50 அடிக்கு ஒருமுறை பாதை சற்றே இறங்கி மீண்டும் ஏற வேண்டும். வழிந்து வரும் நீர் அந்தத் தாழ்விடத்தில் வெளியேறிவிடும். ஓட்டுகிறவனுக்கோ அதுவே ஒரு துள்ளல்!

இடையில் ஒரு சிறு விவாதமும் எழுந்தது. பாதையின் குறுக்கே மணிக்கட்டளவு தடித்த வேர் ஒன்று கிடந்தது. அதை அறுத்துவிட்டால் எல்லோரும் எளிதாகப் போகலாம் என்றார் ஒருவர். வேண்டாம் என்றவர்கள் பக்கம்தான் நானும் நின்றேன். மரத்தின் நலன் ஒருபுறம் இருக்க, மேடுபள்ளம் அனைத்தையும் வழித்தெடுத்துவிட்ட பின் மலைக்கு வருவானேன்? வேர் தப்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டினேன். பாதை கண்ணுக்கு வேறாகத் தெரிந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் சற்று முன்னால் அலை அலையாக மண் மேடிட்டிருப்பதைக் கவனித்தேன். தாமதமாகவும் அழுத்தமாகவும் பிரேக் பிடிப்பவர்களின் கைவரிசை அது. 1976இல் கலிபோர்னியாவின் மரின் மலைகளில் பழைய சைக்கிள்களில் பந்தயம் விட்டவர்களுக்கு, கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர அச்சுக் குடத்துக்குள் இருந்த பிரேக்கின் கிரீஸ் எரிந்தே போய்விடுமாம். இன்றைய டிஸ்க் பிரேக் ஒரு விரலுக்கே கட்டுப்படுகிறது. அதனாலேயே கடைசி நொடியில் பிடித்துச் சக்கரத்தைப் பூட்டி மண்ணைக் கிளறுகிறோம். நான் இப்போது வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் உருண்டு வெளியேறுகிறேன். உன் முழங்காலுக்கும் அது இதமாக இருக்கும், முயன்று பார். தேங்கிய நீரைக் கண்டால் ஓரமாக ஒதுங்காமல் நடுவிலேயே போ. ஒதுங்குவதால்தான் பாதை அகன்று செடிகள் மிதிபடுகின்றன. டயர் பதிந்து தடம் விழும் அளவுக்கு மண் நனைந்திருந்தால் அன்று ஓட்டாமல் திரும்பிவிடுவதே முறை.

நல்ல மழை ஒன்று பெய்து மண் காய்ந்த பிறகு, வாட்டம் சரியாக நிற்கிறதா என்று பார்க்க மறுபடியும் கூடுகிறோம். சைக்கிள் ஓட்ட மருத்துவர் இன்னும் முழு அனுமதி தராவிட்டாலும், ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க ஓர் ஆள் எப்போதும் தேவைப்படுகிறது. வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுது. உன் கை அளவுக்குக் கையுறை எடுத்துவைக்கச் சொல்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்