லிண்டாவுக்கும் ஒரு பக்கம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

ஆர்தர் மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ (1949) நாடகம் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாடகத்தின் நாயகனான விற்பனையாளன் வில்லி லோமனின் பகட்டுக் கனவை நன்றாகவே அலசியிருக்கிறீர்கள். சரி, ஆனால் மனைவி லிண்டாவைப் ‘பொறுமைசாலி’ என்று ஒரே வரியில் கடந்தது வருத்தம் தந்தது. வில்லி பக்கத்து வீட்டு சார்லியிடம் வாரம் 50 டாலர் கடன் வாங்கி, அதைச் சம்பளம் என்று நீட்டுவது அவளுக்குத் தெரியும். அவனுடைய மானத்தைக் காக்கவே வாய் திறக்காமல் இருக்கிறாள். அது பொறுமை அல்ல, குடும்பத்தையே தாங்கும் உறுதி. கல்லூரியில் இந்நாடகத்தை உரக்க வாசித்தபோது, அவள் பழைய காலுறையைத் தைக்கும் இடத்தில் என் பக்கத்தில் இருந்த தோழி, “எங்கம்மா” என்று முணுமுணுத்தாள். லிண்டாவைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வெளியிடுங்கள். வீட்டின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டேன் என்று கணவனின் கல்லறையில் அவள் சொல்லும் இடத்திலிருந்து அதைத் தொடங்கலாம்.

– வாசகி, கும்பகோணம்