நெட் லீட்ஸ் மேல் விழுந்த பழி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது செய்தித்தாளைத் தானே எடுத்துப் படிக்கிறார். மற்றபடி இங்கே எல்லாரும் நலம்.

சரி, உன் பையனின் கேள்விக்கு வருகிறேன். ஸ்பைடர்மேன் கதைகளைப் படித்துவிட்டு, "ஒரே வில்லன் எப்படி மூணு நாலு பேரா இருக்க முடியும்?" என்று கேட்டானாம். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி அது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நாம் படித்த ராணி காமிக்ஸ் மாயாவியை நினைத்துப் பார். அவர் இருபத்தோராவது மாயாவி. அப்பா இறந்ததும் மகன் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்து அதே முகமூடியை அணிவார். காட்டு மக்களோ ஒரே ஆள் சாகாமல் வாழ்வதாக நம்புவார்கள். அங்கே முகமூடி குடும்பச் சொத்து மாதிரி முறையாகக் கைமாறும். வில்லன்கள் பக்கம் அப்படி இல்லை. பெரும்பாலும் திருட்டுதான்.

ஸ்பைடர்மேனின் பரம எதிரி க்ரீன் கோப்ளினையே எடுத்துக்கொள். 1964இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அவனை அறிமுகப்படுத்தினார்கள். அவன் நார்மன் ஆஸ்போர்ன் என்பது 1966இல்தான் தெரிந்தது. 1973இல் ஸ்பைடர்மேனின் காதலி க்வென் ஸ்டேசியைக் கொன்ற கையோடு, அடுத்த இதழிலேயே தன் பறக்கும் கருவி குத்தி அவனும் செத்தான். மறுவருஷம் மகன் ஹாரி அதே வேடத்தைப் போட்டுக்கொண்டான். அப்பாவின் சாவுக்குப் பழி வாங்க வந்த பிள்ளை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவே இல்லை. அதற்கும் பிறகு, ஹாரிக்கு மனநலச் சிகிச்சை கொடுத்த டாக்டர் பார்ட் ஹாமில்டன், நோயாளி நம்பிச் சொன்ன ரகசியத்தை வைத்தே தானும் கோப்ளின் ஆனான். அவனைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது ஹாப்கோப்ளினைப் பற்றி.

1983இல் எழுத்தாளர் ரோஜர் ஸ்டெர்னுக்கு ஒரு கோப்ளின் தேவைப்பட்டது. செத்தவனை எழுப்பவும் மனமில்லை, ஹாரியை மறுபடி வதைக்கவும் மனமில்லை. அதனால் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' தொடரின் 238ஆம் இதழில் ஹாப்கோப்ளின் என்று புதிதாக ஒருவனைக் கொண்டுவந்தார். ஸ்பைடர்மேனிடமிருந்து தப்பி ஓடும் ஒரு சில்லறைத் திருடன் நார்மனின் ரகசிய அறையைக் கண்டுபிடிக்கிறான். அதை இன்னொருவனுக்குக் காட்டுகிறான். அந்த இன்னொருவன் திருடனைக் கொன்றுவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறான். பச்சை வேடம் ஆரஞ்சும் நீலமுமாக மாறுகிறது. உள்ளே யார் என்பது மட்டும் வாசகர்களுக்குத் தெரியாது.

அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு அடுத்து வந்த இதழ்களிலேயே சாட்சி இருக்கிறது. கோப்ளினுக்குப் பலம் தந்த மருந்து கையில் கிடைத்ததும் அவன் அதைத் தானே பயன்படுத்தவில்லை. லெஃப்டி டோனவன் என்ற அடியாளிடம் சோதித்தான். அவனுக்குத் தன் வேடத்தை மாட்டி ஸ்பைடர்மேனோடு மோதவிட்டுத் தூரத்திலிருந்து வேடிக்கை பார்த்தான். லெஃப்டி செத்தான், ஆனால் மருந்தால் அல்ல. மருந்து பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகுதான் இவன் அதைத் தொட்டான். தன் முகமூடியை அடுத்தவன் முகத்தில் மாட்டி, சாவை அவனுக்குக் கொடுப்பதுதான் இவன் வழக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்.

ஸ்டெர்ன் 1984இல் அந்தத் தொடரை விட்டு விலகினார். மர்மம் அடுத்தவர்கள் கைக்குப் போனது. அவரவருக்கு ஒரு யோசனை. இதற்கு நடுவில், 1987 தொடக்கத்தில் வந்த ஒரு தனி இதழில், டெய்லி பியூகிள் நிருபர் நெட் லீட்ஸ் பெர்லினில் கொல்லப்பட்டான். சில மாதம் கழித்து 289ஆம் இதழ், அந்த நெட்தான் ஹாப்கோப்ளின் என்று சொல்லிவிட்டது. அவனைக் கொல்லப் பணம் கொடுத்த ஜேசன் மெக்கெண்டேல் என்ற இன்னொரு வில்லன் அதே வேடத்தைப் போட்டுக்கொண்டான்.

கல்லூரி விடுதியில் அட்டை கிழிந்த அந்த இதழை இரவல் வாங்கிப் படித்தேன். எனக்கு ஒப்பவே இல்லை. பேருந்தைத் தூக்கி எறியும் பலம் உள்ளவனைக் கூலிக்கொலையாளிகள் சாதாரண மனுஷனைக் கொல்வது போல எப்படிக் கொல்ல முடியும்? அதைவிட என்னை வாட்டியது அவன் மனைவி பெட்டி ப்ராண்டின் நிலை. புருஷனைப் பறிகொடுத்தவள் மனம் உடைந்து ஒரு போலி மதக் கூட்டத்தில் போய்ச் சிக்கினாள். நெட் 1964 முதல் அந்தக் கதைகளில் நடமாடியவன். செத்தவன் எதிர்த்துப் பேச மாட்டான் என்பதால் முகமூடி அவன் தலையில் போய் விழுந்துவிட்டது.

ஸ்டெர்னுக்கும் ஒப்பவில்லை. பத்து வருஷம் கழித்து, 1997இல், மூன்று இதழ்களில் திரும்பி வந்து கணக்கைச் சரிசெய்தார். முதல் ஹாப்கோப்ளின் ராட்ரிக் கிங்ஸ்லி என்ற ஆடை வியாபாரப் பணக்காரன். நெட்டை மூளைச்சலவை செய்து, அவனுக்கே தெரியாமல் வேடம் போட வைத்தவன் அவன். லெஃப்டிக்குச் செய்ததைத்தான் நெட்டுக்கும் செய்திருக்கிறான் பார். தனக்குப் பதிலாக நடமாடத் தன் தம்பியைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. சிறையில் இருந்த மெக்கெண்டேலையும் தன் கையால் கொன்றான். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, கணவன் பெயரைத் துடைக்க பெட்டியே உண்மையைத் தேடிக் கிளம்புவதுதான். அந்தப் பக்கங்களைப் படித்த அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. யாரோ உறவுக்காரன் மேல் இருந்த பொய் வழக்கு தள்ளுபடி ஆனது போல ஒரு நிம்மதி.

பேட்மேன் பக்கமும் இப்படி உண்டு. க்ளேஃபேஸ் என்ற பெயரில் 1940இல் வந்தவன் பேசில் கார்லோ என்ற திகில் பட நடிகன். தான் நடித்த படத்தை வேறு ஆட்களை வைத்து மறுபடி எடுக்கிறார்கள் என்ற ஆத்திரத்தில் கொலை செய்யப் புறப்பட்டவன். 1961இல் வந்த மாட் ஹேகன், 1978இல் வந்த ப்ரெஸ்டன் பெய்ன் எல்லாம் வேறு வேறு ஆட்கள். ஆனால் அங்கே யாரும் யார் தலையிலும் பழியைக் கட்டவில்லை. அதனால் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை.

ஸ்டெர்னின் அந்த மூன்று இதழ்களும் சேர்ந்த தொகுப்பு என்னிடம் இருக்கிறது. இந்த வாரமே அனுப்புகிறேன். முன்னால் 289ஆம் இதழின் கதையை நீ பையனுக்குச் சொல்லிவிடு. நெட்தான் குற்றவாளி என்று அவனும் கொஞ்ச நாள் நம்பட்டும். கிங்ஸ்லியின் பெயரை மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதே. படித்து முடித்ததும் என்ன சொன்னான் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
கணேசன்