பர்னிங் ஸ்பியர் பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேஸ் கிட்டார் வாங்கிவிட்டாய் என்று படித்ததில் ரொம்பச் சந்தோஷம். ஜமைக்காவின் ரெக்கே இசையை வாசித்துப் பழக பாப் மார்லி போதுமா, வேறு யாரையாவது கேட்க வேண்டுமா என்று கேட்டிருந்தாய். மார்லியைக் கேள். ஆனால் பேஸ் பழகுகிறவனுக்கு நான் முதலில் சொல்லும் பெயர், ரெக்கே பாடகர் பர்னிங் ஸ்பியர்.

இயற்பெயர் வின்ஸ்டன் ராட்னி. 1945 மார்ச் 1 அன்று ஜமைக்காவின் வடகரையில் செயின்ட் ஆன்ஸ் பே என்ற ஊரில் பிறந்தார். மார்கஸ் கார்வி 1887-இல் பிறந்ததும் அதே ஊரில்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பியரின் பாட்டுக்குள் போக முடியாது. உலகெங்கும் சிதறிய கறுப்பின மக்களை ஒன்றுசேர்க்கச் சங்கம் கண்டவர் கார்வி. 1919-இல் பிளாக் ஸ்டார் லைன் என்று கப்பல் கம்பெனியே தொடங்கினார். ராஸ்தஃபாரியர்கள் அவரைத் தீர்க்கதரிசியாகவே கொண்டாடுகிறார்கள். எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி 1930-இல் ஹெய்ல் செலாசி என்ற பெயரில் முடிசூடியபோது, ஆப்பிரிக்காவில் ஒரு கறுப்பு அரசன் முடிசூடுவான் என்று கார்வி சொன்னதாகவும், அது பலித்ததாகவும் நம்பியவர்கள் தொடங்கிய மார்க்கம் அது. கார்வி ராஸ்தா அல்ல. பின்னாளில் செலாசியைக் கடுமையாக விமர்சித்தும் எழுதினார். ஸ்பியர் இருவரையும் ஒரே நெஞ்சில் வைத்துப் பாடுகிறார். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. ஊர் மறந்த ஒருவரை ஊருக்கே திருப்பித் தருவதுதான் அவர் வேலை.

மேடைப்பெயர் கென்யாவின் விடுதலைத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவிடமிருந்து வந்தது. 'எரியும் ஈட்டி' என்று அவரைத்தான் அழைத்தார்கள். 1969-இல் மார்லி தன் தோட்டத்துக்குக் கழுதையோடு, வாளிகளும் செடிகளும் வெட்டுக்கத்தியுமாகப் போய்க்கொண்டிருந்தபோது ராட்னி வழியில் அவரைச் சந்தித்தார். பாட வேண்டும், எங்கே போவது என்று கேட்டார். 'ஸ்டுடியோ ஒன்' என்ற இடத்துக்குப் போ என்றார் மார்லி. கிங்ஸ்டனில் காக்சன் டாட் நடத்திய அந்த ஸ்டுடியோவில் இரண்டு ஆல்பம் அளவுக்குப் பதிவு செய்தார். பெரிய பெயரும் வரவில்லை, பணமும் வரவில்லை.

திருப்பம் 1975. ஓச்சோ ரியோஸ் ஊரில் சவுண்ட் சிஸ்டம், அதாவது கூட்டத்துக்கு இசைத்தட்டு போட்டு ஆடவைக்கும் பெரிய ஸ்பீக்கர் செட், வைத்திருந்த ஜாக் ரூபி, ராட்னியையும் துணைக்குரல் பாடிய ரூபர்ட் வில்லிங்டன், டெல்ராய் ஹைன்ஸ் இருவரையும் சேர்த்து 'மார்கஸ் கார்வி' பாட்டைப் பதிவு செய்தார். தன் சவுண்ட் சிஸ்டத்தில் மட்டும் ஒலிக்கத்தான் முதலில் எண்ணியிருந்தார். கூட்டம் காட்டிய ஆரவாரத்தைப் பார்த்து இசைத்தட்டாக வெளியிட்டார். அடுத்தது 'ஸ்லேவரி டேஸ்'. அடிமை நாட்கள் நினைவிருக்கிறதா என்ற ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். பதில் சொல்லும் அவசரம் கிடையாது. பின்னால் வாசித்தவர்கள் பிளாக் டிசைப்பிள்ஸ் என்ற குழுவினர்: டிரம்ஸில் லீராய் 'ஹார்ஸ்மவுத்' வாலஸ், பேஸில் ராபி ஷேக்ஸ்பியர், ஆஸ்டன் பாரெட், கிட்டாரில் ஏர்ல் 'சின்னா' ஸ்மித், டிரம்பெட்டில் பாபி எல்லிஸ், டிராம்போனில் வின் கார்டன்.

ஆல்பத்தை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோன ஐலண்ட் ரெக்கார்ட்ஸ், வெள்ளைக்கார ராக் ரசிகர்களின் காதுக்கு ஏற்றபடி மறுகலவை (ரீமிக்ஸ்) செய்தது. ராட்னிக்கு அது பொறுக்கவில்லை. சொந்தமாக 'ஸ்பியர்' என்று லேபிள் தொடங்கினார். அவர் கோபம் நியாயமானது என்பதே என் கருத்து. இந்த இசையின் கனம் கலவையில்தான் இருக்கிறது. அதை மெருகேற்றினால் பாட்டு அழகாகலாம், ஆனால் இளைத்துப்போகும்.

அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் உனக்கு வேண்டியது. நிமிடத்துக்குச் சுமார் 140 தட்டு வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணு. கிட்டார் இரண்டிலும் நான்கிலும் மட்டும்: கீழ்நோக்கி ஒரு வெட்டு, உடனே இடக்கை அழுத்தத்தைத் தளர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் கம்பி இழுத்து ஒலிக்கும். ஆர்கனில் வலக்கை கிட்டாரோடு சேர்ந்து விழும். இடக்கை அதற்கு அரைத்தட்டு முன்னும் பின்னும். டிரம்ஸில் கிக்கும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் விளிம்பில் குச்சியும் மூன்றாம் தட்டில் சேர்ந்து விழும். முதல் தட்டு காலி. இதைத்தான் ஒன் டிராப் என்கிறார்கள். சினிமாப் பாட்டுக்கு வாசித்துப் பழகிய டிரம்மர் யாராக இருந்தாலும் முதல் தட்டில் கால் தானாக கிக்கை மிதித்துவிடும். அந்த ஒரு மிதியில் ரெக்கே டிஸ்கோவாகிவிடும். முதல் வாரம் கிக்கைத் தொடாமல் மூன்றாம் தட்டில் கைதட்டி மட்டும் பழகச் சொல்.

உன் வேலை இன்னும் கஷ்டம், ஏனென்றால் மெட்டைச் சுமப்பது பேஸ்தான். வழவழப்பான ஃபிளாட்வுண்ட் கம்பி போடு. கிட்டாரில் டோன் குமிழை முழுக்கக் குறை. பிரிட்ஜ் பக்கம் போகாமல் கழுத்துப் பக்கமாக, விரல் நுனிச் சதையால் மீட்டு. நகம் பட்டால் 'டிக்' என்று கேட்கும். நான்கைந்து சுரம் வாசி, பிறகு விடு. விட்ட இடத்தில் மனசு பதறி இன்னும் இரண்டு சுரம் போடத் தோன்றும், போடாதே. எத்தனை வேகமாகக் கை ஓடுகிறவனும் தோற்பது அந்த இடைவெளியில்தான். சுரம் எங்கே முடிகிறது என்பதையும் கவனி. இடக்கை விரலைத் தூக்கி ஒலியை அடக்காவிட்டால் காலியிடமே கிடைக்காது.

ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதே. பேஸின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது; பாதிப் பாட்டு காணாமல் போகும். காதை மூடும் ஹெட்ஃபோனாவது வேண்டும். முதலில் 'மார்கஸ் கார்வி', உடனே அதன் டப் வடிவமான 'கார்வீஸ் கோஸ்ட்' என்று கேள். டப் என்றால் மிக்சரில் குரலையும் ஹார்ன்ஸையும் (டிரம்பெட், டிராம்போன் போன்ற ஊதுகருவிகள்) இறக்கிவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் முன்னே நிறுத்தி, மிச்சத்தில் எதிரொலி விடுவது. குரல் போனபின் பேஸ் தனியாக நிற்பதை அங்கே தெளிவாகக் கேட்கலாம்.

1976 கடைசியில் ராட்னி, ரூபியையும் இரண்டு துணைக்குரல்களையும் பிரிந்து, தனியாளாக ஸ்பியர் என்ற பெயரைச் சுமந்தார். 1977-இல் லண்டன் ரெயின்போ தியேட்டரில் அஸ்வாத் என்ற ரெக்கே குழுவினர் பின்னால் வாசித்த நேரடிப் பதிவு இருக்கிறது, அதை விட்டுவிடாதே. 1980-இல் ஆஸ்டன் பாரெட்டோடு சேர்ந்து டஃப் காங் ஸ்டுடியோவில் செய்த 'ஹெய்ல் ஹிம்' எனக்கு மிகவும் பிடித்தது. பின்னர் நியூயார்க்கின் குவீன்ஸில் குடியேறி, மனைவியோடு சேர்ந்து பர்னிங் மியூசிக் என்ற சொந்த நிறுவனத்தை நடத்தினார். கிராமி இரண்டு முறை: 2000-இல் 'காலிங் ராஸ்தஃபாரி', 2009-இல் 'ஜா இஸ் ரியல்'. இரண்டாவது அவருடைய சொந்த லேபிளில் வந்தது. ஐலண்டின் மறுகலவைக்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சொந்த லேபிள் என்பதால் 'ஜா இஸ் ரியல்' ஒலியை வேறு யாரும் மாற்றிக் கலக்க முடியாது. 2023-இல், எழுபதைத் தாண்டிய வயதில், 'நோ டிஸ்ட்ராயர்' என்று இன்னொரு ஆல்பமும் கொடுத்தார்.

'ஸ்லேவரி டேஸ்' பேஸை முதலில் வாயால் முணுமுணுத்துப் பார், கையில் எடுப்பது அப்புறம். எந்த இடத்தில் சிக்குகிறது என்று எழுது, அடுத்த கடிதத்தில் அதைப் பார்ப்போம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்