உன் ஐந்தாவது கேள்விக்கு

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு,
மே 11

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாள், அப்புறம் கிணற்றடி வழுக்குகிறது என்று என்னைத் திட்டுகிறாள். விஷுவுக்கு நீ கூப்பிடவில்லை. ஹாஸ்டலில் டவர் கிடைத்திருக்காது என்று அவளே சொல்லிக்கொண்டாள். உனக்கு வைத்த கைநீட்டம் நூறு ரூபாய் காலண்டருக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. காற்றில் காலண்டர் படபடக்கும்போதெல்லாம் நோட்டு இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பரண் மேல் இருந்த பச்சைப் பெட்டியில் கரையான் ஏறிவிட்டது. பயப்படாதே. அடியில் கிடந்த எம்.ஏ. நோட்டு இரண்டுதான் போனது. புத்தகங்களையெல்லாம் இறக்கி, திண்ணையில் வெயில் காட்டி, நடுநடுவே வேப்பிலை வைத்து உன் அறை இரும்பு அலமாரியில் அடுக்கிவிட்டேன். மொத்தம் 63. விலையைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன், பார்த்துவிட்டேன். ஒன்று 1,495 ரூபாய். நான் 1987-ல் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தபோது என் மாதச் சம்பளம் அவ்வளவு இல்லை. குறையாகச் சொல்லவில்லை. உதவித்தொகையில் மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்குகிற பிள்ளை நம் வீட்டில் பிறந்ததே என்று பெரியப்பாவிடம்கூடச் சொன்னேன். ஆனாலும் நல்லதாக ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருக்கலாம். ராத்திரி வெகுநேரம் கண் விழிக்காதே. காலையில் வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே.

அடுக்கி வைத்ததோடு விடவில்லை, வாசிக்கவும் செய்கிறேன். என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், பக்கத்துக்குப் பத்து தடவை அகராதி. ராமச்சந்திர குகா 1989-ல் எழுதினாரே, இமயமலைக் காட்டுக் குடியானவர்களைப் பற்றி, அதை ராத்திரியில் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சிப்கோ போராட்டத்தில் மரத்தைக் கட்டிப்பிடித்தது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பின்னால் காட்டு இலாகாவோடு அந்த ஜனங்களுக்கு இருந்த எத்தனையோ வருட வழக்கு இருக்கிறது என்று அவர் காட்டுகிறார். அம்மா விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "இதுக்கு இமயமலை வரைக்கும் போகணுமா? நம்ம பிளாச்சிமடையில மயிலம்மா எதுக்குப் போய் உக்காந்தாங்க? கெணத்துத் தண்ணி வாயில வெக்க முடியலைன்னுதானே?" என்றாள். 2002 ஏப்ரலில் கோகோ கோலா ஆலைக்கு எதிராக அந்தப் போராட்டம் தொடங்கி, 2004-ல் ஆலை நின்றது. சமரப் பந்தலுக்கு உன்னையும் கூட்டிப் போயிருந்தோம். நீ அம்மா மடியிலேயே தூங்கிவிட்டாய். அம்மா சொன்னதை உன் ஆராய்ச்சியில் எங்கேயாவது சேர்க்க முடியுமா பார். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்று தள்ளிவிடாதே.

அடுத்து எடுத்தது நம் நாட்டுப் பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றித் தரம்பால் தொகுத்தது. 1983-ல் வந்தது. அதைத்தான் இன்னும் மூட முடியவில்லை. 1822-ல் சென்னை கவர்னர் மன்றோ எல்லா கலெக்டர்களுக்கும் எழுதிக் கேட்கிறார், உன் ஜில்லாவில் பள்ளிக்கூடம் எத்தனை, யார் யார் படிக்கிறார்கள் என்று. பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற சாதியார், முஸ்லிம் என்று பத்தி பிரித்து, ஆண் வேறு பெண் வேறாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். சென்னை மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள். ஆயிரம் பேருக்கு ஒன்று என்று 1826-ல் மன்றோவே கணக்குப் போடுகிறார். 31 வருடம் அட்டவணைக்குக் கோடு போட்ட கை இது, அந்தப் பக்கங்களைப் பார்த்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. மலபாரில் முஸ்லிம் பெண்பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல் படித்திருக்கிறார்கள். நான் உடனே நம் பாலக்காட்டுச் சித்தூரைத் தேடினேன், இல்லை. அப்புறம்தான் புத்தி வந்தது, நாம் அன்றைக்குக் கொச்சி ராஜ்ஜியம். கும்பினியார் எண்ணியது அவர்கள் ஆண்ட பூமியை மட்டும்.

அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில் நீ எழுதியிருக்கிறாய்: "யார் எண்ணினார்கள்? எண்ணியவனுக்கு இதில் என்ன லாபம்?" உன் எழுத்து இன்னும் கோழி கிளறியது மாதிரிதான் இருக்கிறது. எத்தனை காப்பி நோட்டு வாங்கிக் கொடுத்தேன்.

அம்மிணி, அந்த இரண்டாவது வரியை வாசித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பங்குனியில் நீ போனில் ரெக்கார்ட் போட்டுக் கேட்டாயே, உன் ஐந்தாவது கேள்வி. "நீங்கள் உங்கள் சொந்தப் பிள்ளையை எந்த மீடியத்தில் சேர்த்தீர்கள், ஏன்?" என்று. நீங்கள் என்றாய். மற்ற வாத்தியார்களிடம் கேட்ட அதே கேள்வி, அதே வார்த்தை. பதில் உனக்கே தெரியும், பொள்ளாச்சி இங்கிலீஷ் ஸ்கூல் வேனில் ஏறிப் போனவளே நீதான். தெரிந்துகொண்டே கேட்கிறாள் என்று கோபம் வந்தது. "அப்பனையே விசாரணை பண்றியா" என்று கத்தி வைத்துவிட்டேன். அதற்கு அப்புறம் நீ கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. அம்மாவிடம் ஹாஸ்டலில் டவர் இல்லை என்று சொன்னதே நான்தான்.

பதில் எழுதுகிறேன். வேண்டுமானால் உன் ஆராய்ச்சியில் போட்டுக்கொள், பேர் மட்டும் வேண்டாம்.

ஆறாம் வேலைநாள் கணக்கு என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் பிறந்தால் இந்த வீட்டில் அதுதான் பேச்சு. அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற தலைகளை வைத்துத்தான் டிவிஷன், டிவிஷனை வைத்துத்தான் வாத்தியார். 2001-ல் ஒன்றாம் வகுப்புத் தமிழ் டிவிஷனுக்கு ஒரு தலை குறைந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கள்ளுத் தோப்புப் பக்கம் போனேன். அங்கே ஒரு அம்மா, புருஷன் தென்னை ஏறுகிறவன், பையனை மலையாளத்தில் போட முடிவு செய்திருந்தாள். "மலையாளம் படிச்சா பி.எஸ்.சி. பரீட்சை எழுதி கவர்மெண்டு வேலைக்குப் போலாம்னு சொல்றாங்க, வாத்தியாரே" என்றாள். நான் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினேன். தாய்மொழியில் படித்தால்தான் புத்தி விரியும் என்றேன். ஆரம்பப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது, 350ஏ, 1956-ல் சேர்த்தது என்றேன். எல்லாம் நிஜம்தான், இப்போதும் நம்புகிறேன். கடைசியில் அவள், "உங்க பாப்பாவும் இந்த வருசம்தானே? எங்க சேத்தீங்க?" என்று கேட்டாள்.

"நம்ம பள்ளிக்கூடம்தான்" என்றேன்.

நீ சேர்ந்து நாலு நாள் ஆகியிருந்தது, டையெல்லாம் கட்டிக்கொண்டு. அடுத்த நாள் பையன் வந்தான், டிவிஷன் நின்றது. சிலேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான், ஒரு கால் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு. நான்தான் பேர் எழுதினேன். அந்த அம்மாவுக்கு அப்புறம் தெரிந்திருக்கும். வேன் அவர்கள் தோப்பைத் தாண்டித்தான் போகும். ஒரு நாளும் கேட்கவில்லை.

உன்னை ஏன் சேர்க்கவில்லை என்றால், பயம். என் பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வகுப்புக்கு இரண்டு வாத்தியார். தமிழ்ப் புத்தகம் வந்துசேர ஓணம் ஆகிவிடும். அது போதும் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொன்னேன், உனக்குப் போதாது என்று நினைத்தேன். அம்மா அப்போதே சொன்னாள், நான் வாயை அடைத்தேன். அம்மாயிக்கு இங்கிலீஷ் ஆசை என்று உன்னிடம் சொன்னதெல்லாம் பொய், பாவம் அவர்கள்.

அந்தப் பையன் இப்போது கள்ளு வண்டி ஓட்டுகிறான். நன்றாக இருக்கிறான், குடிப்பதில்லை. மாதம் ஒரு தடவை மலையாளக் கடிதாசி எதையாவது கொண்டுவருவான், வில்லேஜ் ஆபீஸ், பஞ்சாயத்து. "சார், இதில் என்ன போட்டிருக்கு?" என்பான். நான் வாசித்துச் சொல்வேன். பேச்சு மலையாளம் என்னைவிட அவனுக்குச் சரளம், எழுத்துதான் ஓடாது. போன வாரம் வீடு கேட்டு ஒரு அபேட்சை எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான், மகளுக்கு இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு, எங்கே சேர்க்கட்டும் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்னிடம் இல்லாத பதில் உன்னிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். மூன்று வருடமாக இதைத்தானே படிக்கிறாய்.

தரம்பாலையும் குகாவையும் உனக்கு இப்போது வேண்டுமென்றால் சொல், ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். முறுக்கும் சேர்த்து அனுப்பலாம் என்கிறாள் அம்மா, எண்ணெய் பட்டுவிடும் என்று நான் தடுத்திருக்கிறேன். ராத்திரி கண் விழிக்காதே. காப்பி விஷயம் மறக்காதே.

அவன் வியாழக்கிழமை வருவான். ஆறாவது கேள்வி என்ன என்று நீ சொல்லவே இல்லை.

அன்புடன்,
அப்பா