டேகேர் பாக்க வர்ற அப்பா அம்மாக்கள் கேக்க மறக்குறது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

கோயம்புத்தூர் சரவணம்பட்டி பக்கம் 11 வருஷமா சின்னதா ஒரு டேகேர் நடத்திட்டு இருக்கேன். ஜூன் மாசம் வந்துட்டா தினமும் ரெண்டு மூணு குடும்பம் பாக்க வருவாங்க. பிரசவ லீவு 26 வாரம் முடியப்போகுதுன்னு கைக்குழந்தையத் தூக்கிட்டு வர்ற பொண்ணுங்கதான் முக்காவாசி, கூட குழந்தையோட அம்மிச்சியோ (அம்மாவோட அம்மா) மாமியாரோ வருவாங்க. ஏசி இருக்கா, சிசிடிவிய மொபைல்ல பாக்கலாமா, ரைம்ஸ் சொல்லித் தருவீங்களா, பீஸ் குறைப்பீங்களான்னு கேப்பாங்க. கேக்கட்டும், தப்பில்ல. ஆனா உங்க சம்ப் (தரைக்கடியில இருக்குற தண்ணித் தொட்டி) மூடி எங்க இருக்கு, அதுக்குப் பூட்டு போட்டிருக்கீங்களான்னு கேட்டவங்கள இத்தன வருஷத்துல விரல் விட்டு எண்ணிடலாம். அதான் இந்தக் கடுதாசி.

முதல்ல தண்ணி விஷயம். தத்தித் தத்தி நடக்குற குழந்தைக்கு தலைதான் கனம், பக்கெட்டுக்குள்ள எட்டிப் பாத்து குப்புற விழுந்துச்சுன்னா அதால திரும்ப எந்திரிக்க முடியாது, அரை அடி தண்ணி இருந்தாலே போதும், சத்தம் கூட வராது. எங்க பாத்ரூம்ல எல்லா பக்கெட்டும் எப்பவும் கவுத்துதான் இருக்கும், சம்ப் சாவி என் இடுப்புலதான் இருக்கும். நீங்க எந்த டேகேர் பாக்கப் போனாலும் ஹால்ல ஒட்டியிருக்குற கார்ட்டூன் படத்தப் பாக்குறதுக்கு முன்னாடி பாத்ரூம் கதவத் தொறந்து பாருங்க.

அப்புறம் ஆள் கணக்கு. விளையாட்டுப் பள்ளிகளுக்கு தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் குடுத்த வழிகாட்டுதல்ல 20 குழந்தைக்கு ஒரு டீச்சர் ஒரு ஆயான்னு இருக்கு. அது 3 வயசுக்கு மேல உள்ள குழந்தைங்களுக்கு. தவழுற குழந்தைங்க இருக்குற எடத்துல அந்தக் கணக்கு பத்தவே பத்தாது, நான் 4 குழந்தைக்கு ஒருத்தர்னு வெச்சிருக்கேன். இங்க ஒண்ணு சொல்றேன், மொத்தம் எத்தன ஸ்டாஃப்னு கேக்காதீங்க, மதியம் 1 மணிக்கு ஆயாங்க சாப்பிடப் போறப்ப ரூம்ல எத்தன பேர் இருப்பாங்கன்னு கேளுங்க. அந்த அரை மணி நேரந்தான் எந்த டேகேருக்கும் ரொம்ப ஜாக்கிரதையா இருக்க வேண்டிய நேரம். கேமரா இருக்குல்லன்னு சொல்லுவாங்க. எங்ககிட்டயும் இருக்கு. குழந்தை விழுந்ததுக்கு அப்புறம் எப்படி விழுந்துச்சுன்னு அது காட்டும், விழறதுக்கு முன்னாடி போய்ப் புடிக்க பக்கத்துல ஒரு ஆள்தான் வேணும்.

சாப்பாட்டுல ஒரு சம்பவம் சொல்றேன். மூணு வருஷம் முன்னாடி ஒரு ஒன்றரை வயசுக் குழந்தைக்கு வீட்டுல இருந்து டப்பால முழு திராட்சை வெச்சு விட்டிருந்தாங்க, எங்க கண்ணுலயும் படல, அது எங்க தப்புதான். தொண்டையில அடச்சு குழந்தைக்கு சத்தமே வரல, மூஞ்சி நீலமாயிடுச்சு. எங்க ஆயாக்கா தண்ணியும் குடுக்கல, வாய்க்குள்ள விரலும் விடல, குழந்தையக் குப்புற மடியில போட்டு தலை கீழ இருக்குற மாதிரி புடிச்சு ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கை அடியால தட்டுனாங்க, மூணாவது தட்டுல வெளிய வந்துருச்சு. அவங்க அஞ்சாவது வரைக்கும் படிச்சவங்க, ஆனா இத பொம்மைய வெச்சு ஆறு மாசத்துக்கு ஒருக்கா செஞ்சு பழகுறவங்க. ஒரு வயசுக்குள்ள இருந்தா முதுகுல 5 தட்டு, திருப்பிப் போட்டு நெஞ்சு நடுவுல 5 அழுத்து, வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. இது வீட்டுல இருக்குற தாத்தா பாட்டிக்கும் தெரிஞ்சிருக்கணும்ங்க. அன்னிலேருந்து வர்ற டப்பா ஒவ்வொண்ணயும் நாங்க தொறந்து பாக்குறோம், திராட்சையா இருந்தா நீளவாக்குல நறுக்கித்தான் குடுப்போம், 4 வயசு வரைக்கும் முழு நிலக்கடலை கெடயாது. ரிமோட்ல பொம்மையில போடுற பட்டன் பேட்டரி, அதுவும் உள்ள விட மாட்டோம். முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய அரிச்சுடும், பாட்டு பாடுற பொம்மைய ஏன் திருப்பி அனுப்புறீங்கன்னு கோச்சுக்காதீங்க.

தூளி கட்டுவீங்களான்னு அம்மிச்சிங்க எல்லாரும் கேப்பாங்க. அவங்க எல்லாம் தூளியில போட்டு வளத்தவங்கதான், நானும் தூளியில தூங்குனவதான். ஆனா ஒரே ஹால்ல மூணு வயசு நாலு வயசுக் குழந்தைங்களும் இருக்காங்க, அதுங்க தூளியில உக்காந்து சுத்தி விளையாடி சேலை கழுத்துல முறுக்கிக்குற விபத்து நம்ம ஊர்ல நடக்குறதுதான். அதனால இங்க தூளி இல்ல. கைக்குழந்தைங்கள கெட்டியான பாயில மல்லாக்கப் படுக்க வெப்போம், தலையணை கெடயாது, மூஞ்சிகிட்ட துணி கெடயாது, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா ஒருத்தர் போய் மூச்சப் பாத்து நோட்டுல எழுதுவாங்க. கழுத்துல தாயத்துக் கயிறு, செயின் இருந்தா வாசல்லயே கழட்டிக் குடுத்துடுவோம், சாமி குத்தம்னு சில பேர் வருத்தப்படுவாங்க, சாயங்காலம் மறுபடி கட்டிக்கலாம்ங்க.

மருந்து விஷயத்துல மட்டும் உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ராத்திரி காய்ச்சல், ஆபீஸ்ல லீவு கெடைக்காது, காலைல 7 மணிக்கு பாராசிட்டமால் குடுத்துட்டு ஒண்ணும் சொல்லாம விட்டுட்டுப் போறாங்க. 11 மணிக்கு உடம்பு மறுபடி கொதிக்கும். அந்த நெலமை எனக்குப் புரியுது, நானும் வேலைக்குப் போனவதான். ஆனா காலைல குடுத்தது எங்களுக்குத் தெரியாம, நீங்களும் போன எடுக்காம, வீட்டுல இருந்து வர்ற தாத்தா இன்னொரு வேளை குடுத்தார்னா என்ன ஆகும்? அளவு மீறுனா அது ஈரலப் பாதிக்குற மருந்து. அதுலயும் ஒரே பேருல 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம்னு ரெண்டு சிரப், ட்ராப்ஸா இருந்தா 1 மில்லியிலயே 100 மில்லிகிராம். ஒரு மூடின்னு சொல்லிட்டுப் போனா நான் எந்த மூடின்னு எடுத்துக்கறது. டாக்டர் சீட்டு, எந்த நேரம், எத்தன மில்லி, உங்க கையெழுத்து, இது இல்லாம எங்க கையால ஒரு சொட்டு குடுக்க மாட்டோம். கை கால் வாய்ல கொப்புளம் இருந்தா அன்னிக்கு உள்ள சேத்துக்க முடியாது, ஒரு குழந்தைக்கு வந்தா ஒரே வாரத்துல பத்து பேருக்குப் பரவிடும்.

காலைல வந்ததும் குழந்தையோட கை காலப் பாத்து ஏற்கனவே கீறல், கன்னிப்போனது இருந்தா எழுதி உங்ககிட்ட கையெழுத்து வாங்குவோம். எங்களச் சந்தேகப்படுறீங்களான்னு ஒரு அப்பா சண்டைக்கே வந்துட்டார். சாயங்காலம் நீங்க எங்களக் கேக்கணும்ல, அதுக்குத்தான் அந்த நோட்டு. டயபர் மாத்துற எடத்துக்குக் கதவு கெடயாது, அரைத் தட்டிதான், எப்பவும் ரெண்டாவது ஆள் பாக்குற மாதிரி இருக்கும். எல்லா ஸ்டாஃபுக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் எடுத்திருக்கோம், காட்டச் சொன்னா காட்டுவோம். குழந்தைங்கள பாலியல் குத்தத்துல இருந்து பாதுகாக்குற போக்சோ சட்டம் 2012-ல வந்தது, குழந்தைக்கு ஏதோ நடந்திருக்குன்னு தெரிஞ்சா போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லாம மறச்சா அதுவே குத்தம். குடும்ப மானம்னு யாரும் என்கிட்ட கெஞ்சக் கூடாதுன்னு அட்மிஷன் அன்னிக்கே சொல்லிடுவேன், குழந்தைங்களுக்கான உதவி நம்பர் 1098-யும் சொல்லிக் குடுத்துடுவேன்.

இப்ப கேட். இதுலதான் எனக்கு ரொம்பப் பேர்கூட மனஸ்தாபம். ஒருநாள் சாயங்காலம் ஒருத்தர் வந்து நான் குழந்தையோட சித்தப்பா, அண்ணி அனுப்புனாங்கன்னு சொன்னார். பேர் சரியாச் சொல்றார், குழந்தையும் சித்தப்பான்னு ஓடுது. ஆனா எங்க ரிஜிஸ்டர்ல அவர் போட்டோ இல்ல, அம்மா போன் எடுக்கல, அப்பா ஊர்ல இல்ல. நாற்பது நிமிஷம் நிக்க வெச்சேன். கடைசியில நெஜமாவே சித்தப்பாதான். அந்த அம்மா வந்து எங்க வீட்டு ஆளையே திருடன் மாதிரி நிக்க வெச்சுட்டீங்களேன்னு அழுதாங்க, அடுத்த மாசமே குழந்தைய வேற எடத்துல சேத்துட்டாங்க. எனக்கு இன்னமும் வருத்தந்தான். ஆனா குழந்தை ஓடிப்போய்க் கட்டிக்குதுங்கறத வெச்சு நான் யார்கிட்டயும் விட முடியாதுங்க, புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சு கோர்ட்ல கேஸ் நடக்குற வீட்டுக் குழந்தைங்களும் எங்ககிட்ட வருதுங்க. கூட்டிட்டுப் போக உரிமை இருக்குற ஆளுங்க போட்டோ, நம்பர், இதோட யாராவது புதுசா வந்தா அன்னிக்கு நீங்க எனக்கு போன்ல சொல்ற ஒரு ரகசிய வார்த்தை. அது இல்லாம கேட் தொறக்காது.

தீ பத்தியும் சொல்லிடறேன். கும்பகோணத்துல 2004 ஜூலை 16-ந்தேதி 94 குழந்தைங்க போனத நம்ம தலைமுறை மறக்க முடியாது, சமையல் கூடத்துல புடிச்ச தீ, கீத்துக் கூரை, மாடியில இருந்து எறங்க குறுகலான படிக்கட்டு. எங்க கேஸ் சிலிண்டர் கட்டடத்துக்கு வெளிய இருக்கு, தரைத்தளம் மட்டுந்தான், ரெண்டு வாசல், ரெண்டும் பகல்ல உள்ள இருந்து சாவி இல்லாம தொறக்கும். மாடியில நடத்துற எடமா இருந்தா ரெண்டாவது படிக்கட்டு எங்கன்னு கேக்காம பணம் கட்டாதீங்க.

கம்பெனி ஹெச்ஆர்ல இருக்குறவங்களுக்கும் ஒண்ணு. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல க்ரெச் (குழந்தை காப்பக) வசதி குடுக்கணும், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய்ப் பாக்கலாம்னு பிரசவ லீவு சட்டத்துக்கு 2017-ல கொண்டு வந்த திருத்தத்துலயே வந்துருச்சு. பல கம்பெனி வெளிய ஒரு டேகேரோட டை-அப் போட்டு லிஸ்ட்ட மெயில்ல அனுப்பிடறாங்க, அந்தப் பொண்ணுங்க எடத்தைப் பாக்கக்கூட நேரமில்லாம கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிக்குறாங்க. தயவுசெஞ்சு அவங்களுக்கு ஒரு அரை நாள் லீவு குடுத்து அனுப்புங்க. எங்க டேகேருக்கு வர்றவங்க போன் பண்ணிட்டு வர வேண்டாம், மதியம் 1 மணிக்கு வாங்க, நீங்க யாருன்னு கேட்டுலயே கேப்போம், ஐடி கார்டு மட்டும் எடுத்துட்டு வந்துடுங்க.

இப்படிக்கு,
டேகேர் நடத்தும் ஒரு வாசகி,
சரவணம்பட்டி, கோயம்புத்தூர்