தலைமன்னார் வழியாகச் சிறு வியாபாரிகளின் சரக்கு மீண்டும் வருவதற்கு வழிசெய்யக் கோரும் மகஜர்

கௌரவ போக்குவரத்து அமைச்சர் அவர்கட்கு,
கொழும்பு.

ஐயா,

கொழும்பு 11, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவிலும் அதைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் செத்தல் மிளகாய், மல்லி, பருப்பு, கருவாடு, பனங்கட்டி விற்றுப் பிழைக்கும் முப்பத்தேழு சிறு வியாபாரிகளின் சார்பில் இந்த மகஜரைத் தங்கள் முன் வைக்கிறேன். எங்களில் எவருக்கும் சொந்தக் கொள்கலன் இல்லை, சொந்த லொறியும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரக்கு வந்தால்தான் திங்கட்கிழமை கடனை அடைக்க முடியும் என்ற கணக்கில் வாழ்கிறவர்கள் நாங்கள்.

என் கடையில் பாட்டனாரின் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கிறது. சிவப்புத் துணி அட்டை, ஓரமெல்லாம் கறையான் அரித்தது. அதில் சரக்கு வரவுக்கென ஒதுக்கிய பக்கங்களில் ஊர்ப் பெயர்கள் தலைப்பாக இருக்கும்: யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, பதுளை. அவற்றுக்கெல்லாம் முன்னால், அதிகப் பக்கங்களைப் பிடித்துக்கொண்டு, "தலைமன்னார் பியர்". மதுரைக் கைத்தறிப் பொதியும் இராமநாதபுரத்து மிளகாய் மூடைகளும் அந்தத் தலைப்பின் கீழேதான் வரவு வைக்கப்பட்டிருக்கின்றன. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் பக்கத்தில் பாதியில் எழுத்து நின்றுவிடுகிறது. அதன் பிறகு அந்தத் தலைப்பில் பதிவுகள் வரவரக் குறைந்து, கடைசியில் ஒன்றும் இல்லை.

அந்த டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயலில்தான் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் கடலோடு போனது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தது முதல் ஐம்பது ஆண்டுகளாக, அந்தக் கரை வரை ரயில், பிறகு கப்பல், இந்தக் கரையிலிருந்து மீண்டும் ரயில் என்று ஒரே பயணமாக இருந்த வழி அன்று முறிந்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980களில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. 1990இல் தலைமன்னார்ப் பாதையில் ரயிலே இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு புயலும் இந்தப் பக்கம் ஒரு போரும் சேர்ந்து செய்த சேதத்தின் விலையைப் புறக்கோட்டைக் கடைக்காரன் இன்றுவரை கட்டிக்கொண்டிருக்கிறான்.

எப்படிக் கட்டுகிறான் என்பதற்கு என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். எனக்கு வரும் முண்டு மிளகாய் பரமக்குடிச் சுற்றுவட்டாரத்தில் விளைவது. பரமக்குடியோ இராமேஸ்வரம் செல்லும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. அங்கே ரயிலில் ஏற்றினால் சில மணி நேரத்தில் கடற்கரை. அதற்கு அப்பால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் கடல். ஆனால் என் மிளகாய் அந்த வழியில் வருவதில்லை. அது தெற்கே தூத்துக்குடிக்கு லொறியில் போகிறது. அங்கே என்னைப் போன்ற ஆறேழு பேரின் பொருட்களோடு ஒரே கொள்கலனில் அடைபடுகிறது. கப்பலேறிக் கொழும்புத் துறைமுகம் வருகிறது. கூட்டாக வந்த கொள்கலனில் ஒருவருடைய பத்திரத்தில் ஒரு குறை இருந்தால் போதும், எல்லோருடைய சரக்கும் வெயிலில் நிற்கும். தாமதக் கட்டணத்தை எல்லோரும் பகிர்ந்து கட்ட வேண்டும்.

சென்ற ஆண்டு அப்படித்தான் நடந்தது. பத்தொன்பது நாட்கள். யாரையும் குற்றம்சாட்ட இதை எழுதவில்லை. பெரிய வியாபாரத்துக்கு அமைந்த வழியில் சிறிய வியாபாரம் நுழைந்தால் இதுதான் கதி. மூடைகள் கடை வாசலுக்கு வந்தபோது, மூடை சுமக்கும் கூலியாளான நாட்டாமையே முதலில் முகத்தைத் திருப்பினார். செத்தல் மூடையை அவிழ்த்தால் காரம் மூக்கில் ஏறித் தும்மல் வர வேண்டும். தும்மல் வரவில்லை. ஈரச் சாக்கின் புழுக்க வாடைதான் வந்தது. கையை உள்ளே விட்டால் மிளகாய் சலசலக்காமல் துவண்டது, காம்படியில் சாம்பல் பூத்திருந்தது. நாற்பது மூடையில் பதினொன்றைக் கொட்டினேன். மீதியை அரைவிலைக்குக் கொடுத்தேன்.

உள்நாட்டிலும் நிலைமை இதுவே. மன்னார்த் தீவிலுள்ள பேசாலையில் கருவாடு உலர்த்தும் ஓர் அம்மா எங்களுக்கு வாடிக்கை. கணவரைக் கடலில் இழந்தவர். 2015 மார்ச் மாதம் தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, தம் பொதிகளை ரயிலில் அனுப்பத் தொடங்கினார். 2024 ஜனவரியில் மாஹோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையிலான பாதை திருத்த வேலைக்காக மூடப்பட்டது. வடக்குக்கும் மன்னாருக்கும் கொழும்பிலிருந்து நேராகச் செல்லும் ரயில் பல மாதங்களுக்கு அறுந்தது. வேலை நடக்க வேண்டியதுதான், அதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பாதை எப்போது திறக்கும், அதுவரை பொதிகளுக்கு என்ன மாற்று வழி என்று எங்களுக்குப் புரியும் மொழியில், எங்கள் கைக்கு எட்டும் இடத்தில் எவரும் சொல்லவில்லை. "தம்பி, மழைக்கு முன்னால் ரயில் ஓடுமா, இல்லையா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்" என்று அந்த அம்மா வாரம் ஒருமுறை தொலைபேசியில் கேட்பார். என்னிடம் பதில் இருக்கவில்லை. பொதிகளை லொறிக்காரர் கேட்ட விலைக்கு அனுப்பினார். கருவாட்டின் விலையில் ஏறிய அந்தக் கூலியை மருதானையிலும் வத்தளையிலும் கறி வைக்கிறவர்கள் கொடுத்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் நாட்டின் பல பாதைகள் சேதமடைந்தபோது அதே கேள்வி மீண்டும் வந்தது.

கௌரவ அமைச்சர் அவர்களே, கடலுக்கு மேல் பாலம் கட்டுங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. அது இரண்டு நாடுகளின் பெரிய அரசியல், எங்கள் தராசில் நிற்காது. ஏற்கெனவே இரு கரைகளிலும் கட்டி முடிக்கப்பட்டிருப்பதைப் பயன்படுத்துங்கள் என்றே கேட்கிறோம். 2025 ஏப்ரல் 6ஆம் திகதி காலையில் அநுராதபுரத்தில் எங்கள் ஜனாதிபதியும் இந்தியப் பிரதமரும் சேர்ந்து, மாஹோவிலிருந்து, தலைமன்னார்ப் பாதை பிரியும் மதவாச்சி ஊடாக, ஓமந்தை வரை புதுப்பிக்கப்பட்ட 128 கிலோமீற்றர் பாதையைத் திறந்துவைத்தார்கள். அதே நாளில் இந்தியப் பிரதமர் கடலைக் கடந்து போய்ப் புதிய பாம்பன் பாலத்தையும் திறந்தார். அந்த நாளில் கடையில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு நெஞ்சு நிறைந்தது. இரண்டு பாதைகளின் முனைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன, நடுவில் ஒரு கப்பலும் ஒரு தீர்மானமும்தான் குறை என்று அன்றே பேசிக்கொண்டோம்.

பாட்டனார் காலத்தில் அந்தப் பக்கம் மீற்றர் பாதை, இந்தப் பக்கம் அகலப் பாதை. தண்டவாளமே ஒத்துப்போகாத அந்தக் காலத்தில் சரக்கு வந்தது. 2007இல் பாம்பன் பாதையும் அகலப் பாதையானது. இன்று இரு கரையிலும் 1676 மில்லிமீற்றர். இப்போதுதான் வரவில்லை.

2024 டிசம்பரில் புதுடில்லியில் வெளியான கூட்டறிக்கையில், இராமேஸ்வரம் – தலைமன்னார் பயணிகள் கப்பலை விரைவில் மீண்டும் தொடங்க இரு நாடுகளும் உடன்பட்டிருக்கின்றன. எங்கள் முதன்மையான கோரிக்கை அந்தச் சொல்லைப் பற்றியதுதான்: "பயணிகள்" என்பதோடு நின்றுவிட வேண்டாம். கப்பலைத் தெரிவு செய்யும்போதே, ஒருவர் ஐந்து மூடை, பத்து மூடை ஏற்றக்கூடிய சரக்கு இடத்தையும் கேளுங்கள். தலைமன்னார் இறங்குதுறையில் சுங்கம், தாவரப் பரிசோதனை, உணவுப் பரிசோதனை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கட்டும். பரிசோதனைக்காக மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுச் சரக்கை மன்னார் வெயிலில் காத்திருக்க வைத்தால் என் பதினொரு மூடைக் கதைதான் அங்கேயும் நடக்கும். அங்கிருந்து கொழும்புக்கு வரும் ரயிலில் ஒரு சரக்குப் பெட்டியைச் சேர்த்துவிட்டால் எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம். திருகோணமலையிலிருந்து கோதுமை மாவும் கொலன்னாவையிலிருந்து எரிபொருளும் ரயிலில் போகிற நாட்டில் இது புதிய கலை அல்ல. கருவாட்டுக்குத் தனிப் பெட்டி வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். துணிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

இதனால் உள்ளூர் விவசாயி அடிபடுவானே என்ற கவலை தங்களுக்கு இருக்கலாம். எங்களுக்கும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயம் அறுவடையாகும் மாதங்களில் அக்கரை வெங்காயம் வருவதை நாங்களே விரும்பவில்லை. பருவத்துக்கேற்ற தடையை அரசாங்கம் விதித்தால் மனதாரக் கட்டுப்படுவோம். அதேபோல் அக்கரை இழுவைப் படகுகளால் மன்னார் மீனவர்கள் படும் துன்பம் தீராமல் கப்பலை மட்டும் வரவேற்கச் சொல்வது எங்களுக்கும் உறுத்துகிறது; அந்தப் பேச்சும் இதோடு சேர்ந்து நடக்கட்டும். கப்பல் திரும்பிப் போகும்போது வெறுமையாகப் போகக் கூடாது. பேசாலைக் கருவாடும் பனங்கட்டியும் ஒடியலும் அதில் ஏறினால் அந்த அம்மாவுக்குப் புறக்கோட்டையை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை மாறும்.

இன்னொன்று, இதற்குப் பணம்கூட வேண்டாம். பாதையை மூட வேண்டியிருந்தால் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கோட்டை நிலையப் பொதிப் பிரிவிலும் மன்னார், மதவாச்சி நிலையங்களிலும் ஒட்டச் செய்யுங்கள். மூடும் திகதியோடு திறக்க எண்ணியிருக்கும் திகதியையும், இடைப்பட்ட காலத்தில் பொதியை எங்கே ஒப்படைப்பது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். திறக்கும் திகதி தள்ளிப்போனால் தள்ளிப்போனது என்று எழுதட்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்வோம்.

இவை குறித்துத் தங்கள் அமைச்சின் அதிகாரிகள் எங்களைச் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளிலும் வருவோம். அதிகாரிகள் கடைக்கே வந்தாலும் மகிழ்ச்சி. 1964 டிசம்பர் வரையிலான கணக்குப் புத்தகத்தின் நான்கு பக்கங்களின் பிரதிகளையும், முப்பத்தேழு பேரின் கையொப்பங்களையும், ஒவ்வொருவரும் மாதத்துக்கு ஏற்றக்கூடிய சரக்கின் அளவையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,

நான்காம் குறுக்குத் தெருச் சிறு வியாபாரிகள் சார்பில்
செத்தல் மிளகாய் மொத்த வியாபாரி
புறக்கோட்டை, கொழும்பு 11