கரோலின் மீது தீர்ப்பு எழுதப்படவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரித்தானிய அரச குடும்பத்தின் கசந்த திருமணங்கள் பற்றி வந்த கட்டுரை, நான்காம் ஜார்ஜின் மனைவி கரோலினை 'நடத்தை கெட்டவர் என்று நாடாளுமன்றம் தீர்ப்பளித்த ராணி' என்கிறது. அப்படி ஒரு தீர்ப்பு வரவே இல்லை. 28 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்த எனக்கு இதைத் திருத்தாமல் விட மனம் வரவில்லை.

1820-ல் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை விசாரித்தது ஒரு மசோதாவை. ராணியின் பட்டத்தைப் பறித்து, திருமணத்தையும் கலைப்பதற்காக அரசாங்கம் கொண்டுவந்த மசோதா அது. கணவர் ஏன் நேராகத் திருச்சபை நீதிமன்றத்துக்குப் போய் மணவிலக்குக் கேட்கவில்லை? போயிருந்தால், அவருடைய ஒழுக்கத்தையும் எதிர்த்தரப்பு கூண்டில் ஏற்றியிருக்கும். அவர் 1785-லேயே மரியா ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற கத்தோலிக்கப் பெண்ணை ரகசியமாக மணந்தவர். அப்போது மன்னராக இருந்த தந்தையின் சம்மதம் இல்லாததால் 1772-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த மணம் செல்லாது. கத்தோலிக்கரை மணந்தவருக்கு அரியணை இல்லை என்ற சட்டமும் இருந்தது. அதைக் கிளறினால் கிரீடமே கேள்விக்கு உள்ளாகும்.

இளவரசராக இருந்த ஜார்ஜின் கடன் ஆறு லட்சம் பவுனைத் தாண்டிய பிறகுதான், மணம் முடித்தால் அதற்கு வழி பிறக்கும் என்று, 1795-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கிலிருந்து சொந்த அத்தை மகளான கரோலினை வரவழைத்தார்கள். பெண்ணைப் பார்த்ததும் மாப்பிள்ளை கேட்டது ஒரு கோப்பை பிராந்தி. தன் காதலி லேடி ஜெர்சியையே அவர் மனைவிக்குத் தோழியாக அமர்த்தியிருந்தார். மகள் சார்லட் பிறந்த மூன்றாம் நாள் எழுதிய உயிலில் மரியாவை 'என் மனைவி' என்று குறிப்பிட்டு, அவருக்கே சொத்தை விட்டார். கரோலினுக்கு ஒரே ஒரு ஷில்லிங். ராணி சுத்தமாக இருக்கமாட்டார் என்பதை ஒரு பத்தி முழுக்க விவரித்த உங்கள் கட்டுரையில் இந்த உயில் இல்லை. அதுதான் எனக்குக் கோபம்.

கரோலின் குறையே இல்லாதவர் என்று நான் வாதாடவில்லை. 1814-ல் நாட்டைவிட்டுப் போனவர், பெர்காமி என்ற இத்தாலியப் பணியாளரிடம் ஊர் பேசும் அளவுக்கு நெருக்கம் காட்டினார். வேலைக்காரர்களைக் கூட்டிவந்து, படுக்கை எப்படி இருந்தது என்பதுவரை சபையில் கேட்டார்கள். இத்தனைக்கும் பிறகு நவம்பர் 10 அன்று மசோதாவுக்கு ஆதரவாக 108 வாக்குகள், எதிராக 99. மக்கள் சபையில் இது தேறாது என்று கண்டு பிரதமர் லிவர்பூல் அன்றே கைவிட்டார். லண்டன் வீதிகளில் விளக்கேற்றிக் கொண்டாடினார்கள்.

ஆனால் இந்த வாக்கெடுப்பைவிட 1817-ல் நடந்ததுதான் என்னை இன்னும் வருத்துகிறது. ஒரே மகள் சார்லட் 21 வயதில் பிரசவத்தின்போது இறந்தாள். தந்தை போப்பாண்டவருக்குக் கடிதம் எழுதினார். பெற்ற தாய்க்கு எழுதவில்லை. அந்தக் கடிதத்தைக் கொண்டுபோன தூதன் இத்தாலியின் பெசாரோ நகர் வழியாகப் போனதால்தான், அங்கே இருந்த கரோலினுக்கு மகள் போன செய்தி தெரிந்தது. கணவன் மனைவி பகை எதுவாகவும் இருக்கட்டும், இதை எந்தக் குடும்பத்தில் பொறுப்பார்கள்?

1821 ஜூலை 19 அன்று முடிசூட்டு விழாவுக்கு வந்தவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலய வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்று வாரங்களுக்குள், ஆகஸ்ட் 7 அன்று, இறந்துபோனார். சவப்பெட்டியில் 'அநீதி இழைக்கப்பட்ட இங்கிலாந்து அரசி' என்று பொறிக்கச் சொல்லியிருந்தார். அதையும் மறுத்தார்கள். ஆதரவாளர்கள் பொருத்திய தகட்டைக்கூட அகற்றிவிட்டார்கள்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுங்கள். 'தீர்ப்பளித்த' என்ற அந்த ஒரு சொல்லையாவது நீக்குங்கள்.

— ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்